துக்க வீட்டில் கேட்கக் கூடாத கேள்வி

காவிரிப் படுகையின் வானொலி நேயர்களுக்கும் தொலைக்காட்சி அன்பர்களுக்கும்,



2020 டிசம்பர் முதல் வாரத்தை நம் பக்கத்துக்காரர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் கடைசியில் நிவர் புயல் வந்து போனது. அந்த ஈரம் காய்வதற்குள் புரெவி. மன்னார் வளைகுடாவுக்கு வந்து நகர மாட்டேன் என்று நின்றுகொண்டு கொட்டித் தீர்த்தது. சம்பா வயல்கள் ஏரி மாதிரிக் கிடந்தன. வடிகாலை வெட்டி விட்டால் கீழ்மடைக்காரன் சண்டைக்கு வருவான், விடாவிட்டால் பயிர் அழுகிவிடும் என்று வரப்பில் நின்று தவித்துக்கொண்டிருந்தோம். அந்த ஈரத்தோடு ஈரமாக, டிசம்பர் 9 காலையில், தொகுப்பாளராக இருந்து சின்னத்திரை நடிகையான வி.ஜே. சித்ரா இறந்துவிட்ட செய்தி வந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் டீக்கடையிலும் மினி பஸ்ஸிலும் களத்துமேட்டிலும் ஒரே பேச்சு: “என்னவாம்? எப்படியாம்?”

இந்த மடல் அந்தக் கேள்வியைப் பற்றியது. ஒரு குரலோ முகமோ நம் வீட்டுக்குள் பல வருடம் வந்து போயிருக்கிறது. அது திடீரென்று நின்றுவிட்டால், காரணத்தைத் தெரிந்துகொள்ள நமக்கு என்ன பாத்தியதை? அந்தக் குடும்பத்துக்குச் சொல்லாமல் இருக்க என்ன உரிமை?

முதலில் நம் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வானொலிக்கும் டெல்டாவுக்கும் உள்ள ஒட்டுறவு வேறு ஊர்களுக்கு அவ்வளவாகப் புரியாது. திருச்சி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது 1939 மே 16-இல். 1960-களில் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்வானது. ‘பாக்கேஜ் திட்டம்’ என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 ரகம் அப்போது நம் வயலுக்கு வந்தது. எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரம் போடுவது என்று திருச்சி வானொலி சொல்லச் சொல்ல நட்டார்கள். அந்த நெல்லுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. வானொலி சொன்னதைக் கேட்டு நட்டு, அறுத்து, அவித்துச் சோறாக்கித் தின்றவர்கள் நாம். அந்தக் குரலுக்குரியவர் நமக்கு அந்நியர் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

இன்னும் எத்தனையோ குரல்கள். டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி பிறந்து வளர்ந்தது மும்பையில், ஆனால் பூர்வீகம் தஞ்சாவூர். அவர் தன் பெயரைச் சொல்லிச் செய்தியைத் தொடங்கும்போது வீட்டில் அரட்டை தானாக அடங்கிவிடும். 2022 ஆகஸ்டில் மும்பையில் 87 வயதில் காலமானார். தென்கச்சி கோ. சுவாமிநாதன் கொள்ளிடக் கரைக்காரர். விவசாயம் படித்து, நெல்லை வானொலியில் உழவர்களுக்கான நிகழ்ச்சிகளைச் செய்து, பிறகு சென்னையிலிருந்து ‘இன்று ஒரு தகவல்’ சொன்னவர். தான் சிரிக்காமல் ஊரைச் சிரிக்க வைத்தவர் 2009 செப்டம்பரில் மறைந்தார். நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை வாசிகளுக்குத் திருச்சியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. கே.எஸ். ராஜா மூச்சு விடாமல் பேசும் அழகுக்காகவே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் இன்றும் அந்தக் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒருவர் போய்விட்டார் என்றால் கேட்கத்தான் தோன்றும். கேட்பவர்கள் எல்லாரையும் வம்பர்கள் என்று ஒதுக்கித் தள்ள நான் வரவில்லை. பாதிக்குப் பாதி அது பாசம். ஆனால் உறவு என்று சொல்லிக்கொண்டால், உறவுக்காரர்கள் துக்க வீட்டில் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படித்தானே நாமும் நடந்துகொள்ள வேண்டும்? உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட முடியுமா?

நம் ஊர் துக்க வீட்டை நினைத்துப் பாருங்கள். தெருவில் சாமியானா போட்டிருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே தலைமாட்டில் விளக்கும் மரக்கால் நெல்லும். வெளியூரிலிருந்து வருகிறவர் மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வருவார். உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கையை நீட்டுவார். அவர்கள் அந்தக் கையைத் தொடுவார்கள். ஒரு வார்த்தை இருக்காது. துக்கம் கேட்பது என்று அதற்குப் பெயர். ஆனால் வாயைத் திறந்து யாரும் எதையும் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு அந்த வீட்டுக்காரரே ஆரம்பிப்பார்: “நேத்து ராத்திரிகூட ரெண்டு தோசை சாப்பிட்டாங்க மாமா…” அவர் எவ்வளவு சொல்கிறாரோ அவ்வளவு கேட்டுக்கொள்வோம். நிறுத்தினால் நாமும் நிறுத்துவோம். “அப்புறம் என்ன ஆச்சு, டாக்டர் என்ன சொன்னார், ரிப்போர்ட் இருக்கா?” என்று யாராவது தோண்ட ஆரம்பித்தால், பக்கத்தில் இருக்கும் பெரியவர் தொடையில் தட்டி, “சும்மா இருப்பா” என்பார். கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். படிக்காத பாமரரும் தவறாமல் கடைப்பிடிக்கும் நாகரிகம் இது.

கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரையும் பாருங்கள். தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துச் சுவரில் புதிது புதிதாக ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். படம், தோற்றம், மறைவு, இறுதி ஊர்வலம் புறப்படும் நேரம், மகன் மருமகள் பேரன் பேத்தி பெயர்கள், கீழே நண்பர்கள் வட்டம், ஆட்டோ ஸ்டாண்டு, மன்றம் என்று ஒரு பெரிய பட்டியல். ஊரே நின்று படிப்பதற்காக ஒட்டும் காகிதம் அது. அதில் சாவுக்குக் காரணம் போட்டு நான் பார்த்ததில்லை.

இந்த வழக்கத்துக்குச் சட்டமும் ஒத்துப்போகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17-ஆவது பிரிவு. யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி ஒரு இறப்புப் பதிவின் நகலைக் கேட்கலாம். ஆனால் அந்த நகலில் இறப்புக்கான காரணத்தைக் காட்டக் கூடாது என்று அதே பிரிவு தடுக்கிறது. காரணத்தை மருத்துவர் தனிப் படிவத்தில் எழுதிப் பதிவாளருக்கு அனுப்புகிறார். எந்த மாவட்டத்தில் எந்த நோயில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற கணக்குக்கு அது வேண்டும். அரசுக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியும். ஊருக்கு அந்தத் தாளில் இடம் கிடையாது.

சித்ராவின் கதைக்கு வருகிறேன். மக்கள் தொலைக்காட்சியில் தொகுப்பாளராகத் தொடங்கி, ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரின் முல்லையாக வீட்டுக்கு வீடு அறிமுகமானவர். சென்னையை அடுத்த நசரத்பேட்டையில் ஒரு விடுதியில் இறந்து கிடந்தார். 28 வயது. பதிவுத் திருமணம் நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகு அது தற்கொலை என்று போலீஸ் சொன்னது. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியரின் விசாரணை நடக்கும். இங்கும் நடந்தது. தற்கொலைக்குத் தூண்டியதாக அவருடைய கணவரை அதே மாதம் கைது செய்தார்கள். வழக்கு பல ஆண்டு இழுத்து, 2024 ஆகஸ்டில் திருவள்ளூர் மகளிர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

சட்டம் தன் கேள்விகளைக் கேட்டது. அதற்கென்று ஓர் அதிகாரி, ஒரு பரிசோதனை, ஒரு நீதிமன்றம் இருந்தன. பெற்றோரும் தங்கள் சந்தேகங்களை வெளிப்படையாகச் சொன்னார்கள். அது அவர்கள் உரிமை. இந்த இரண்டுக்கும் நடுவே யூடியூபில் ஒரு மூன்றாவது விசாரணை நடந்தது. தோழி என்று ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர், ஜோசியர் என்று ஒருவர். ஒவ்வொரு தம்ப்நெயிலிலும் சிவப்பு வட்டம், அம்புக்குறி, கேள்விக்குறி. இறந்த பெண்ணின் முகத்தில் தெரிந்த அடையாளத்தைப் பெரிதாக்கிக் காட்டி, சவக்கிடங்கு மருத்துவர் மாதிரி விளக்கினார்கள். அதைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்திருந்தால் அதில் நம் டெல்டாவின் பங்கும் உண்டு.

இவர்கள் முதல் நாளே அடித்துச் சொன்ன காரணத்துக்கு என்ன மதிப்பு? சந்தேகத்துக்குரிய மரணத்தில் பிரேதப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தாலே போதும். மருத்துவர் உடலைப் பார்த்துத் தன் முதல் கருத்தைச் சொல்வார். தேவைப்பட்டால் உள்ளுறுப்புகளின் மாதிரிகளைத் தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்புவார். அந்த முடிவு வர வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்களும் ஆகும். அது வந்த பிறகுதான் இறுதிக் கருத்து. அதுவரை போலீசுக்கே முழுதாகத் தெரியாது, பெற்ற தாய்க்கும் தெரியாது. அவர்களுக்கே தெரியாததை, கேமரா முன்னால் உட்கார்ந்திருப்பவர் மட்டும் எப்படித் தெரிந்துகொண்டார்?

இன்னொரு தீமையும் உண்டு. தற்கொலைச் செய்திகளை எப்படி எழுத வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறைகள் உள்ளன. 2019-இல் இந்தியப் பத்திரிகை மன்றமும் அவற்றை ஏற்றுக்கொண்டது. முறையை விவரிக்காதே, இடத்தை விவரிக்காதே, பரபரப்பாகத் தலைப்பு வைக்காதே, படத்தைத் திரும்பத் திரும்பப் போடாதே, ஒரே காரணத்தைச் சுட்டி முடித்துவிடாதே. இவை நல்லொழுக்கப் பாடம் அல்ல. மனம் உடைந்த நிலையில் அந்தச் செய்தியைப் படிக்கும் இன்னொருவர் அதே வழியில் இறங்கிவிடக் கூடும் என்பதால் ஏற்பட்ட விதிகள். உதவிக்கு அழைக்க வேண்டிய எண்ணையும் போடச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 104-ஐ அழைக்கலாம், நாடு முழுக்க 14416. அன்று எத்தனை வீடியோவில் அப்படி ஓர் உதவி எண் வந்தது?

இதே 2020-இல்தான் வடக்கே இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் மரணத்தை மாதக்கணக்கில் வைத்து ஓட்டினார்கள். செய்தி ஒளிபரப்பாளர்களின் சொந்த ஒழுங்குமுறை அமைப்பே சில தொலைக்காட்சிகளை மன்னிப்புக் கேட்கச் சொன்னது, அவற்றில் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஊடக விசாரணைக்கு வரம்பு கட்டித் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அபராதம் ஒரு லட்சம், அந்த மாதங்களில் விளம்பரத்தில் வந்த வருமானமோ அதைப்போல் பல மடங்கு இருந்திருக்கும். கணக்குத் தெரிந்தவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

“குடும்பம் உண்மையைச் சொல்லிவிட்டால் வதந்தி ஏன் கிளம்புகிறது? மூடி மறைப்பதால்தானே?” என்று ஒரு வாதம் இருக்கிறது. நம் டீக்கடைகளிலும் இதைக் கேட்கிறேன். நியாயம் மாதிரித்தான் தெரியும். ஆனால் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் விஷயத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2020 ஆகஸ்ட் 5-இல் கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தார். ஐம்பது நாள். மருத்துவமனை அறிக்கை வந்தபடி இருந்தது. அதற்கு மேல் அவர் மகன் எஸ்.பி. சரண் அடிக்கடி வீடியோவில் வந்து பேசினார். இன்று கொஞ்சம் பரவாயில்லை, கண் திறந்தார், நுரையீரல் இன்னும் தேறவில்லை என்று ஒரு மகன் சொல்லக்கூடியதை எல்லாம் சொன்னார். இதைவிட வெளிப்படையாக ஒரு குடும்பம் இருக்க முடியாது. செப்டம்பர் 25-இல் பாடும் நிலா மறைந்தது. அடுத்த இரண்டு நாளில் ஒரு வதந்தி: மருத்துவமனைக் கட்டணம் கட்ட முடியாமல் உடலைத் தர மறுத்தார்களாம், டெல்லியில் யாரோ தலையிட்டுத்தான் உடல் கிடைத்ததாம். தகப்பனை அடக்கம் செய்த ஈரம் காயாத மகன், மருத்துவர்களோடு பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

சொன்னாலும் வதந்தி வந்தது. மௌனத்தால்தான் வதந்தி பிறக்கிறது என்றால் அந்த வீட்டில் பிறந்திருக்கவே கூடாது. தெரிந்தது போதும் என்று தோன்றாத பசிதான் அதைப் பிறப்பிக்கிறது. அந்தப் பசிக்குத் தகவலைப் போடப் போட அது வளரும், அடங்காது.

வேறு சிலர் வாயே திறக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்து சன் மியூசிக்கில் நம் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டே பேசிய ஆனந்த கண்ணன் 2021 ஆகஸ்ட் 16-இல் இறந்தார். அவர் நோயோடு போராடிக்கொண்டிருந்தது அவர் போன பிறகே பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரிந்தது. அதைக் கேட்டு “எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று ஆதங்கப்பட்டவர்கள் உண்டு. ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஒருவர் தன் கடைசி நாட்களைக் கேமராவுக்கு வெளியே கழிக்க நினைத்தால், அது வாழ்நாள் முழுக்கக் கேமரா முன்னால் நின்றவருக்குக் கிடைக்கக்கூடிய கடைசி விடுமுறை. அதை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

குடும்பங்கள் ஏன் மறைக்கின்றன என்பது நமக்குத் தெரியாதா என்ன? நாளைக்கு அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வரும். தரகர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, “அந்த வீட்டுல ஒருத்தர் இப்படிப் போயிட்டாராமே, பரம்பரையா இருக்குமோ” என்று இழுப்பார். காசநோய் என்றால் பாத்திரத்தைத் தனியாக வைப்பார்கள். மனநோய் என்றால் தலைமுறைக்கும் பட்டம். ஈரல் கெட்டது என்றால், குடிக்காதவரையும் குடித்தே செத்தார் என்பார்கள். தற்கொலை என்றால் கருமாதிக்கு வர யோசிப்பவர்களும் உண்டு. போனவருக்கு அந்தக் காரணம் முடிந்துபோனது. இருப்பவர்கள் அதைச் சுமந்துகொண்டு ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டும். பிரபலத்தின் வீடாக இருந்தால் தெருவோடு நிற்காது. தமிழ் பேசும் எல்லா ஊரும் அவர்களைப் பார்க்கும்.

நீதிமன்றம் இதில் எவ்வளவு தூரம் உதவும்? 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதை பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. நக்கீரன் பத்திரிகை ஆசிரியர் தொடுத்த வழக்கு. ஒருவரைத் தனியே இருக்க விடுவதும் அந்தரங்க உரிமைதான், அவருடைய குடும்பம், மணவாழ்க்கை, பிள்ளைப்பேறு போன்றவற்றைச் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்றது. நீதிமன்ற ஆவணங்கள் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதற்கு விலக்குத் தந்தது. அரசுப் பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் கடமையைச் செய்த விதத்துக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை என்றது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது. ஆனால் ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்த வழக்கில், 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, சொத்து மாதிரி அது வாரிசுக்கு இறங்காது என்றது. ஆக, போனவருக்காக வாதாட வாரிசுக்கு வழி குறுகிவிட்டது. சட்டம் கைவிடும் இடத்தில் மிஞ்சுவது நம் மரியாதை ஒன்றுதான்.

அப்படியானால் யார் செத்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. கேட்டே ஆக வேண்டிய சாவுகள் இருக்கின்றன.

2016 செப்டம்பர் 22-இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்ந்தார். 27-ஆம் தேதி, அவர் மருத்துவமனையிலிருந்தபடியே காவிரிப் பிரச்சினை பற்றி அதிகாரிகளோடு ஆலோசனை நடத்தினார் என்று அரசு செய்திக்குறிப்பு வந்தது. காவிரியில் தண்ணீர் வருமா, சம்பா பிழைக்குமா என்று வானத்தையும் மேட்டூரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாம். நம் தண்ணீரைப் பற்றிய முடிவை எடுப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று கேட்க டெல்டா விவசாயிக்கு முழு உரிமை இருந்தது. அவர் 75 நாள் மருத்துவமனையில் இருந்து, டிசம்பர் 5-இல் காலமானார். அந்த மரணத்தை விசாரிக்க 2017-இல் ஆறுமுகசாமி ஆணையம் அமைத்தார்கள், 2022-இல் அறிக்கை வந்தது. அந்த ஆணையத்தைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், அங்கே கேள்வி சரியான கேள்வி. கேட்ட இடமும் சரியான இடம்.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-இல் சென்னை அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று மக்களுக்கும் சொன்னார். மறுநாள் மயங்கி விழுந்தார், 17-ஆம் தேதி காலை இறந்தார். ஊசி காரணமா என்று ஊர் கேட்டது. ஊசி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று கோடிப் பேர் முடிவெடுக்க வேண்டிய நேரம், அதனால் அந்தக் கேள்வியிலும் தப்பில்லை. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் மருத்துவக் குழு, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அந்த ஆண்டு அக்டோபரில் சொன்னது. பதில் சொல்ல வேண்டியது அந்தக் குழுதானே தவிர, கணவனை இழந்த மனைவி அல்ல.

கே.எஸ். ராஜா 1994-இல் கொழும்பில் கொலை செய்யப்பட்டார். நம் கடற்கரை ஊர்களைக் கட்டிப்போட்ட அந்தக் குரலை யார், எதற்காக நிறுத்தினார்கள் என்ற கேள்வி எத்தனை வருடமானாலும் கேட்கத் தக்கது. கொலையில் காரணத்தைக் கேட்பது நீதி கேட்பதாகும்.

அதிகாரத்தில் இருந்தவர் என்றால் கேளுங்கள். பொது மக்களின் உடல்நலம் அதில் அடங்கியிருந்தால் கேளுங்கள். குற்றம் நடந்திருந்தால் கேளுங்கள், பதில் வரும் வரை விடாதீர்கள். ஆனால் அரசிடம், மருத்துவக் குழுவிடம், போலீசிடம், நீதிமன்றத்திடம் கேளுங்கள். அழுதுகொண்டிருக்கும் வீட்டு வாசலில் மைக்கை நீட்டாதீர்கள். அதிகாரம், பொது உடல்நலம், குற்றம் மூன்றும் இல்லாத இடத்தில், வயதாலோ நோயாலோ மனம் உடைந்தோ ஒருவர் போய்விட்டார் என்றால், காரணம் அந்த வீட்டுக்குச் சொந்தம்.

இன்னொரு கணக்கும் நம் மண்ணில் பாக்கி இருக்கிறது. 2016-இல் காவிரித் தண்ணீரும் சரியாக வரவில்லை, வடகிழக்குப் பருவமழையும் படுமோசமாகப் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. அந்த மாதங்களில் கருகிய சம்பாவைப் பார்த்து வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்களும், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் நம் டெல்டா மாவட்டங்களில் இருந்தார்கள். வறட்சியால் இறந்தார்கள் என்று குடும்பங்களும் விவசாய சங்கங்களும் கூறின. நோய், முதுமை, சொந்தக் காரணம் என்று அரசுத் தரப்பு சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்த வீடுகளில் மறைக்க எதுவும் இல்லை. மனைவிமார் கடன் ரசீதையும் காய்ந்த கதிரையும் கையில் வைத்துக்கொண்டு, இதுதான் காரணம், எழுதிக்கொள்ளுங்கள் என்று நின்றார்கள். சொல்ல விரும்பாத வீட்டு வாசலில் நாற்பது மைக் நிற்கிறது. சொல்லத் துடித்த வீட்டுக்கு வந்தவை விரல் விட்டு எண்ணக் கூடியவை. நம் கேள்வி உண்மையைத் தேடுகிறதா, பொழுதுபோக்கைத் தேடுகிறதா என்று அறிய இதைவிட நல்ல உரைகல் கிடையாது.

நேயர்களே, கடைசியாகச் சில வேண்டுகோள்கள்.

உங்களுக்குப் பிரியமான ஒரு குரல் மறைந்த செய்தி வந்தால், முதலில் அவர் செய்ததைப் பேசுங்கள். பழைய ஒலிப்பதிவு இருந்தால் தேடி எடுத்துக் கேளுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்க வையுங்கள். எப்படி இறந்தார் என்பதைப் பேசுவதற்கு முன், எப்படிப் பேசினார் என்பதைப் பேசி முடிக்கவே ஒரு நாள் போதாது.

வாட்ஸ்அப் குரூப்பில் ‘உண்மைக் காரணம் இதுதான்’ என்று ஏதாவது வந்தால் அதை அடுத்த குரூப்புக்குத் தள்ளாதீர்கள். அனுப்பியவர் சித்தப்பாவாகவே இருந்தாலும், “யார் சொன்னது சித்தப்பா?” என்று ஒரு வரி கேளுங்கள். பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும்.

சிவப்பு வட்டம் போட்ட வீடியோவைத் திறக்காதீர்கள். திட்டுவதற்காகத் திறந்தாலும் அவர்களுக்குக் காசுதான். திறக்காத வீடியோவுக்கு மட்டுமே காசு வராது.

யூடியூப் சேனல் நடத்தும் நம் ஊர்த் தம்பி தங்கைகளுக்கு: துக்க வீட்டுக்குப் போனால் கேமராவைத் தெருமுனையில் வையுங்கள். குடும்பத்தார் தாமாக வந்து பேசினால் பதிவு செய்யுங்கள். அவர்கள் எங்கே நிறுத்துகிறார்களோ அங்கே நீங்களும் நிறுத்துங்கள். உங்கள் அப்பத்தா செத்த அன்று இதே மரியாதையைத்தான் நீங்கள் ஊரிடம் எதிர்பார்த்திருப்பீர்கள்.

மறைந்தவரின் நண்பர்கள், சக கலைஞர்களுக்கு: அந்த வீட்டார் அனுமதிக்காத எதையும் நீங்கள் முந்திக்கொண்டு பேட்டியில் சொல்லாதீர்கள். நெருக்கத்தைக் காட்ட அது இடமல்ல.

அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். சொல்லாவிட்டால் கேட்க வேண்டாம். வானொலிக்காரரும் தொலைக்காட்சிக்காரரும் நமக்குத் தர வேண்டியதைத் தங்கள் குரலால் ஏற்கெனவே தந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டார் நமக்கு எந்தப் பாக்கியும் வைக்கவில்லை.

இப்படிக்கு,
உங்களில் ஒரு நேயர்,
தஞ்சாவூர்.